ஐந்தாம் இடத்தில் ஓர் எழுத்து

கொழுந்து எடுக்கும் பெண்ணொருத்தி, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால், கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “ரத்தம் காணாது.” கூடவே இரும்புச்சத்து மாத்திரை. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்காத லயம் இருக்காது. பெரும்பாலான வேளை அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, இறைச்சியும் மீனும் எட்டாத சாப்பாடு, வெறுங்காலில் ஏறிய கொக்கிப்புழு என்று ரத்தம் வற்றிப்போவதற்குத் தோட்டத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, முதலில் கைவைத்த இடங்களில் தோட்டத்து லயங்களும் இருந்தன. இதோடு நாமே பறித்து நாமே குடிக்கும் தேயிலையும் சேர்ந்துகொள்கிறது. சோற்றோடு குடிக்கும் பிளேன்டீயில் உள்ள துவர்ப்புப் பொருட்கள், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் மாதக்கணக்கில் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் ரத்தம் ஏறாதவர்களும் இருக்கிறார்கள். மாத்திரையைப் போடாமல் வீசிவிட்டு வந்து நிற்கிறாள் என்று பேச்சு வாங்குவது அவர்கள்தான். அவர்களில் ஒரு பங்கினரிடம் சாப்பாட்டிலும் குறையில்லை, சொல்பேச்சுக் கேட்பதிலும் குறையில்லை. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது. தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்று மருத்துவம் இவர்களைச் சொல்லும்.

இதற்கான முதல் துப்பு எஃப்.பி.சி. என்ற சாதாரண முழு ரத்தக்கல எண்ணிக்கை அறிக்கையிலேயே இருக்கிறது. இரும்பு குறைந்தாலும் சரி, தலசீமியாவைச் சுமந்தாலும் சரி, சிவப்பணு சிறுத்து வெளிறிப்போகும். அறிக்கையில், சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. என்ற வரியில் 80க்குக் கீழே ஓர் எண் நிற்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. இரும்பு கிடைக்காத என்பு மச்சை அணுக்களைக் குறைவாகவே உண்டாக்குகிறது. தலசீமியாவைச் சுமப்பவரின் மச்சை, சிறியவையாக ஆனால் நிறையவே உண்டாக்குகிறது. 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் இதை ஒரு சின்னக் கணக்காக எழுதினார். எம்.சி.வி.யை மில்லியனில் உள்ள சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவை நினைக்க வேண்டும், மேலே போனால் இரும்பை. ஒருவருக்கு எம்.சி.வி. 65, சிவப்பணு 5.6 மில்லியன் என்றால் விடை 11.6. இன்னொருவருக்கு 70, 3.9 என்றால் ஏறக்குறைய 18. இருவருமே கண்ணுக்கு வெளிறித்தான் தெரிவார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரைதான் எழுதிக் கொடுக்கப்படும்.

இந்தக் கணக்கு துப்புக் கொடுக்கும், முடிவு சொல்லாது. ஒரே ஆளுக்கு இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கலாம். அடுத்த படி, ஹீமோகுளோபினை வகைவகையாகப் பிரித்து அளப்பது. ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கடுமையான இரும்புக் குறைவு ஏ2 அளவைக் கீழே இழுத்துவிடும். இரும்புக் குறைவு மலிந்த தோட்டப்புறத்தில் இந்தப் பொறியில் விழ வாய்ப்பு அதிகம். ஆகவே ஐயம் உள்ள இடத்தில் கடைசி வார்த்தையை மரபணுவிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

சுமப்பவர் நோயாளியில்லை. கொஞ்சம் ரத்தம் குறைந்தவராக வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போவார். சுமக்கும் ஒருவரும் சுமக்கும் இன்னொருவரும் சேரும்போதுதான் விபரீதம். அவர்களுடைய ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், பழுதான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்துவிடும். பிறக்கும்போது அந்தக் குழந்தை நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் கருவில் வேலை செய்யும் ஹீமோகுளோபின் வேறு. சில மாதங்களில் அது ஓயத் தொடங்க, குழந்தை வெளிறும், பால் குடிக்கச் சோரும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உடம்புக்குள் போகிறது. உடம்புக்கோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் வெளியே தள்ள வழியில்லை. அது ஈரலிலும் இருதயத்திலும் படிந்து ஆளைக் கொல்லும். அதை வெளியேற்ற, வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சிறு பம்பு வழியாக மருந்தை 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு இரவு செலுத்துவது நெடுங்கால வழக்கம். இப்போது வாயால் விழுங்கும் மருந்தும் உண்டு.

தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து அங்கே போகக் கண்டியைத் தாண்ட வேண்டும். கிட்ட உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினாலும், பிள்ளையோடு போகிற தாய்க்கு அன்றைக்குச் சம்பளப் பேர் இல்லை, அரைப்பேர்கூட இல்லை. நாட்கூலியில் ஓடும் குடும்பத்தில் மாதாமாதம் இது என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த எழுத்துக்கு வருவோம். மனித உடம்பின் மரபுச் செய்தி ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் சுமார் 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியைச் செய்யும் மரபணு அதில் மிகச் சிறியது. 11ஆம் நிறமூர்த்தத்தில் ஏறக்குறைய 1,600 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் தொடர்ச்சியாக இல்லை. மூன்று துண்டாகச் செய்தி இருக்கிறது, இடையில் இரண்டு இடைச்செருகல்கள். மரபணுவை நகலெடுத்த பின் கலம் அந்த இடைச்செருகல்களை வெட்டி எறிந்து, மூன்று துண்டையும் ஒட்டிக்கொள்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்கு அடையாளம் எழுத்திலேயே உண்டு. முதல் இடைச்செருகல் 130 எழுத்து. அது தொடங்குவது இப்படி: ஜி டி டி ஜி ஜி. முதலில் நிற்கும் ஜி, டி இரண்டும் இல்லாவிட்டால் கத்தரிக்கு இடமே தெரியாது. ஐந்தாவதாக நிற்கும் ஜி அந்த அடையாளத்தை உறுதிப்படுத்துகிறது.

அந்த ஐந்தாம் இடத்து ஜி சிலரிடம் சி ஆகியிருக்கிறது. ஜி டி டி ஜி சி. மற்ற எழுத்தெல்லாம் அப்படியே. ஆனால் கத்தரி தடுமாறிப் பெரும்பாலும் தப்பான இடத்தில் வெட்டுகிறது. சரியாக வெட்டுப்பட்டு வரும் நகல் சொற்பம், பீட்டாச் சங்கிலியும் சொற்பம். தெற்காசியா முழுவதும் தலசீமியாவின் தலையாய காரணம் இந்த ஓர் எழுத்துத்தான். வேறு சிலரிடம் முதல் எழுத்தே ஏ ஆகிவிடுகிறது. அந்த மரபணுவிலிருந்து பீட்டாச் சங்கிலி அறவே வராது. மூன்றாவது ஒன்று வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், செய்தியின் மூன்றெழுத்துச் சொற்களில் 26ஆவதில் இருக்கிறது. ஜி ஏ ஜி என்ற சொல் ஏ ஏ ஜி ஆகி, ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட வகை உண்டாகிறது.

இலங்கையில் இந்த மூன்றும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைச் சொன்னது 2003இல் வெளியான ஓர் ஆய்வு. ஏழு ஆஸ்பத்திரிகளில் இருந்த 620 நோயாளிகளின் ரத்தம், அதாவது 1,240 மரபணுப் பிரதிகள் ஆராயப்பட்டன. 24 வகைப் பிறழ்வுகள் கிடைத்தன. ஐந்தாம் இடத்து ஜி சி ஆனது 56.2 சதவீதம். முதல் இடத்து ஜி ஏ ஆனது 15.2 சதவீதம். ஹீமோகுளோபின் ஈ 13.1 சதவீதம். மூன்றே மூன்று எழுத்து மாற்றங்கள் 84.5 சதவீதத்தை விளக்கிவிடுகின்றன. அதற்கு மூன்றாண்டு முன்பு, 2000இல், லான்செட் இதழில் டி சில்வா, பிரேமவர்தன, டேவிட் வெதரால் முதலியோர் எழுதிய கட்டுரை, இந்த நாட்டில் எந்நேரமும் 2,000க்கும் மேற்பட்ட தலசீமியா நோயாளிகளைப் பராமரிக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தது. வெதரால் ஆக்ஸ்போர்டுக்காரர். 1950களில் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூர் போன இளம் மருத்துவர், அங்கே ஒரு கூர்க்கா வீரரின் குழந்தைக்குத் தலசீமியா என்று கண்டறிந்ததிலிருந்து சாகும்வரை இந்த நோயை விடவில்லை. குருநாகல் நோயாளிகளை அவரும் அவருடைய இலங்கைச் சகாக்களும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள்.

300 கோடி எழுத்தில் ஒன்றே ஒன்று ஜி-யா சி-யா என்று எப்படிக் கேட்பது? முழுவதையும் வாசிக்காமலே அப்படிக் கேட்க எளிய வழி கிடைத்த ஆண்டு 1989. காரி மல்லிஸ் 1983இல் கண்டுபிடித்த பி.சி.ஆர். அதற்குள் ஆய்வுகூடங்களில் பரவியிருந்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தப் பெயர் லயத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். டி.என்.ஏ.யில் நமக்கு வேண்டிய பகுதியின் இரு முனைக்கும் பொருந்துகிற, இருபது முப்பது எழுத்து நீளமான பிரைமர்கள் என்ற இரண்டு துணுக்குகளைச் செய்து போட்டால், நொதியம் ஒன்று அவற்றிலிருந்து தொடங்கி அந்தப் பகுதியை மட்டும் படியெடுக்கும். சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கும் ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிக்கும். 25 சுற்று முடிந்தால், கணக்குப்படி, ஒரு படி 3 கோடியே 35 லட்சம் ஆகும்.

1989இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் நியூட்டனும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் புரூஸ் வாலஸின் குழுவினரும் தனித்தனியே ஒரே உத்திக்கு வந்தார்கள். பிரைமரின் கடைசி எழுத்தை, நாம் கேள்வி கேட்க விரும்பும் எழுத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவதுதான் அந்த உத்தி. படியெடுக்கும் நொதியம் பிரைமரின் வால் நுனியிலிருந்துதான் புதிய எழுத்துகளைக் கோக்க முடியும். நுனி எழுத்துப் பொருந்தியிருந்தால் கோத்துக்கொண்டே போகும். பொருந்தாமல் நுனி தூக்கிக்கொண்டிருந்தால் தொடங்கவே தொடங்காது. மலையகத்தாருக்கு இதைச் சொல்வது சுலபம். பிறப்புச் சான்றிதழில் பெயரின் கடைசி எழுத்து ஒன்று மாறி எழுதப்பட்டதற்காகச் சேமலாப நிதிப் பணம் கைக்கு வராமல் அலைந்தவர்கள் நம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மற்ற எழுத்து அத்தனையும் சரியாக இருந்தும், கடைசி எழுத்துப் பொருந்தவில்லை என்று கோப்பு நகராமல் நிற்கும். நொதியமும் அப்படித்தான் நிற்கிறது. அலைச்சல் தந்த அதே கண்டிப்பு இங்கே நோயைக் கண்டுபிடித்துத் தருகிறது.

இதில் நான் வியக்கும் நுணுக்கம் இரண்டு. ஒன்று, நொதியத்தின் தெரிவு. பி.சி.ஆருக்குப் பயன்படும் டாக் நொதியம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டுபிடிக்கப்பட்ட பாக்டீரியா ஒன்றிலிருந்து வந்தது. வெப்பத்தைத் தாங்கும், ஆனால் பிழை திருத்தத் தெரியாது. வேறு பல நொதியங்கள் நுனியில் பிழையைக் கண்டால் அதைக் கடித்து எறிந்துவிட்டுச் சரியான எழுத்தைப் போட்டுக்கொண்டு மேலே போய்விடும். டாக் நொதியத்துக்கு அந்தத் திறமை இல்லை. அந்த இயலாமையில்தான் முழுப் பரிசோதனையும் நிற்கிறது. இரண்டாவது, வேண்டுமென்றே செய்யும் ஒரு பிழை. நுனியில் ஒரே ஓர் எழுத்துப் பொருந்தாவிட்டால் நொதியம் சிலவேளை ஏமாந்து தொடங்கிவிடுவதுண்டு. ஆகவே ஐந்தாம் இடத்துப் பிறழ்வுக்கான 30 எழுத்துப் பிரைமரில், கடைசியிலிருந்து நான்காவது இடத்தில் தெரிந்தே ஒரு தப்பு எழுத்தை வைத்திருக்கிறார்கள். நுனி பொருந்தினால் அந்த ஒரு பிழையை நொதியம் பொறுத்துக்கொள்ளும். நுனியும் பொருந்தாவிட்டால் இரண்டு பிழை, நொதியம் அசையாது.

ஆய்வுகூடத்தில் இது நடப்பதைப் பார்த்தால், இவ்வளவுதானா என்றிருக்கும். ஒருவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.யை இரண்டு சிறு குழாயில் விடுகிறார்கள். ஒன்றில் ஜி-யைத் தேடும் பிரைமர், மற்றதில் சி-யைத் தேடும் பிரைமர். இரண்டிலும் அதே மரபணுவின் வேறொரு பகுதியைப் படியெடுக்கும் காவல் பிரைமர் சோடியும் உண்டு. சுற்றுகள் முடிந்ததும் அகரோஸ் கூழ்ப் பலகையில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சிறிய துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் ஊரும். புறஊதா ஒளியில் பார்த்தால், 861 எழுத்து நீளமுள்ள காவல் துண்டு எல்லா வரிசையிலும் மேலே ஒரு கோடாக ஒளிரும். அது தெரியாவிட்டால் பரிசோதனையே பழுது, திரும்பச் செய்ய வேண்டும். அதற்குக் கீழே 285 எழுத்து நீளத்துக் கோடு ஜி குழாயில் மட்டும் இருந்தால் அந்த இடத்தில் பிறழ்வு இல்லை. இரண்டு குழாயிலும் இருந்தால் சுமப்பவர். சி குழாயில் மட்டும் இருந்தால் இரு பிரதியும் பழுது. கதிரியக்கப் பொருள் வேண்டாம், எழுத்தெழுத்தாக வாசிக்கும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம், ஒரே வேலைநாளில் விடை.

1990இல் ஜோன் ஓல்ட், நர்கிஸ் வரவல்லா, வெதரால் மூவரும் இந்த முறையைப் பிரித்தானியாவில் வாழ்ந்த இந்திய, சைப்ரஸ் குடும்பங்களில் பீட்டா தலசீமியாவுக்குப் பயன்படுத்தி லான்செட்டில் வெளியிட்டார்கள். ஆக, நமது மக்களைப் பாதிக்கும் அந்த எழுத்தைக் கேட்டறியும் வழி உலகத்தின் கையில் 30 ஆண்டுக்கு மேலாக இருக்கிறது.

   

இந்த முறைக்கு ஒரு பெரிய வரையறை உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் இது பதில் சொல்லும். சி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, இல்லை என்று சொல்லும். பக்கத்து எழுத்து மாறியிருப்பதை எட்டிப் பார்க்காது. எனவே எந்தக் கேள்விகளைக் கேட்பது என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்துக்காக வகுத்த பட்டியலில் ஐந்து பிறழ்வுகள் முதன்மையானவை. அதில் முதல் இடத்து ஜி மாறி டி ஆவதும் ஒன்று, அது வடமேற்கில் அதிகம். இலங்கையில் அதே முதல் இடத்தில் ஜி மாறி ஏ ஆகியிருக்கிறது, மத்திய தரைக்கடல் நாடுகளிலும் அப்படித்தான். இடம் ஒன்று, எழுத்து வேறு. டி-யைத் தேடும் பிரைமருக்கு ஏ தென்படாது. இந்தியப் பட்டியலை மட்டும் வைத்துப் பரிசோதித்தால், இலங்கையில் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட பிறழ்வு கண்ணில் படாமல் போய்விடும்.

மலையகத்தாருக்கு எந்தப் பட்டியல்? 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இருநூறு ஆண்டாக இந்த மண்ணில் கலந்தும் வாழ்கிறோம். இரண்டு பட்டியலும் மேசையில் இருக்க வேண்டும், இரண்டிலும் சிக்காத சிலருக்கு மரபணு முழுவதையும் வாசித்துப் பார்க்கும் வசதியும் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கும் மேல் நாம்தான். நாட்டின் சராசரியை எடுத்து நம் மேல் போர்த்திவிட்டால் போதும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

இந்தப் பிறழ்வுகள் இவ்வளவு பேரிடம் தங்கிப்போனதற்குக் காரணம் மலேரியா. 1949இல் மரபியலாளர் ஹால்டேன் முன்வைத்த கருத்து இது: பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவரை மலேரியா அவ்வளவு இலகுவில் கொல்லாது, ஆகவே மலேரியா நிலங்களில் அந்த மரபணு அழியாமல் பெருகும். 1934–35 மலேரியாவில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடு கடந்து நடந்து வந்த நம் முன்னோரில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் அநேகர். சுமார் 1,270 மீட்டர் உயரத்து ஹட்டனிலும் 1,860 மீட்டர் உயரத்து நுவரெலியாவிலும் அந்தக் காய்ச்சலின் கொடுமை இல்லை. 2016இல் இலங்கை முழுவதையும் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. காய்ச்சல் போய்விட்டது. அதற்காக உடம்பு செலுத்திய விலை பிள்ளைகளின் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது.

நம் வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணமுடிப்பது நமக்குப் புதிதில்லை. முன்பின் தெரியாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டுத் தவிப்பதைவிட, தெரிந்த வீட்டில் கொடுப்பது நல்லது என்று பெரியவர்கள் நினைத்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் நூற்றுக்கு இரண்டு பேர் சுமப்பவர் என்று வைத்துக்கொள்வோம். சுமக்கும் ஒருவர் வெளியில் மணமுடித்தால், துணையும் சுமப்பவராக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டினால், பாட்டன் பாட்டி வழியாக அதே மரபணு வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். அக்காள் மகளைக் கட்டினால் நான்கில் ஒன்று. உறவை விடச் சொல்லி நான் எழுதவில்லை. உறவில் கட்டும் வீடுகள் முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

முதலில் என்று சொல்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். சைப்ரஸ் 1970களிலிருந்து இந்த நோயோடு போராடி வென்ற நாடு. அங்கே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழைத் திருச்சபையே கேட்டது. ஆனாலும் சுமக்கும் சோடிகளில் பெரும்பாலோர் பிரியவில்லை. மணமுடித்து, கருவிலேயே பரிசோதித்து, பழுதான கருவைக் கலைக்கும் வழி அவர்களுக்கு இருந்தது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பதற்கு அல்லாமல் கருவைக் கலைக்க முடியாது. அந்தச் சட்டம் சரியா என்பது தனி வாதம். அது இருக்கும்வரை, கரு உண்டான பிறகு தெரிந்துகொள்வதால் ஒரு சோடிக்குக் கிடைக்கும் தெரிவு மிகக் குறைவு. தெரிந்துகொள்ளும் காலம் கல்யாணப் பேச்சுக்கும் முன்னால், பள்ளிக்கூட வயதிலேயே வர வேண்டும்.

வந்த நோயைக் கவனிப்பதற்கும் எழுத்துத் தெரிந்திருப்பது உதவும். ஒரு பக்கம் ஹீமோகுளோபின் ஈ, மறுபக்கம் தலசீமியா என்று சேர்ந்து பிறந்தவர்களின் நிலை ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். குருநாகலில் இப்படிப்பட்ட 109 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு தொடர்ச்சியாக ரத்தம் ஏற்றிவந்த 42 பேரில் 37 பேருக்கு அதை நிறுத்தியும் கெடுதல் ஏதும் வரவில்லை. மாதாமாதம் ஊசிக்கும் இரும்புக்கும் ஆளாகத் தேவையில்லாதவர்கள் அவர்கள். தேயிலையும் இங்கே வேறு முகம் காட்டுகிறது. 1979இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு, தலசீமியா நோயாளர் சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குடல் இரும்பை உறிஞ்சுவது குறைகிறது என்று காட்டியது. கொழுந்துக்காரிக்குக் கெடுதல் செய்யும் அதே பிளேன்டீ, இரும்பு மிஞ்சிய பிள்ளைக்கு நன்மை செய்கிறது. யாருக்கு எது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான் அஞ்சுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். பரிசோதனை வந்தால், சுமப்பவள் என்று தெரிந்த பெண்ணின் பெயர் லயம் முழுக்கப் பரவி, அவளுக்கு வரன் நின்றுபோகும். சுமக்கும் ஆணைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். இதைத் தடுக்க வேண்டுமானால் பையன்களையும் பெண்களையும் சேர்த்தே, பாடசாலையிலேயே, ரகசியம் காத்துப் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் சுமப்பதால் பிள்ளைக்கு அந்த நோய் வராது, இருவரும் சுமந்தால்தான் வரும் என்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். இதற்கு வசதி இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் பி.சி.ஆர். இயந்திரங்கள் பல ஆஸ்பத்திரிகளுக்கு வந்தன. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. எஃப்.பி.சி.யை அங்கே எடுத்து, ஐயத்துக்குரிய ரத்தத்தை மட்டும் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால்கூடப் போதும். நோயாளி பஸ் ஏறத் தேவையில்லை, குழாய் ஏறினால் சரி.

மாத்திரையை மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ ரத்தம் ஏறவில்லையென்றால், எஃப்.பி.சி. தாளைக் கையோடு கொண்டுபோய், “ஏ2 பார்க்க வேண்டுமா டாக்டர்?” என்று கேளுங்கள். மகனுக்குப் பெண் பேசியிருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.